ரெண்டு மணிக்கு எடுக்கும்

மோடம் வாங்கி வைத்த அன்று அந்த வீட்டில் மாப்பிள்ளையின் மதிப்பு ஒரு படி ஏறியது. யார் கூப்பிட்டாலும் அது எடுப்பதில்லை என்று தெரிந்த அன்று இறங்கத் தொடங்கியது. மாமனார் வாய்விட்டு யாரையும் திட்டுகிறவர் இல்லை. ஆனால் "வாங்க மாப்பிள்ளை" என்பது "என்ன மாப்பிள்ளை" ஆகி, இந்த வாரம் வெறும் "என்ன?" என்பதில் வந்து நின்றிருந்தது. அதற்குக் கீழே இறங்க இனி வார்த்தை இல்லை.

மாமனார் குழாய் ஏஜென்ட். குழாய், பைப், எல்போ, வால்வு, வாஷர் என்று தண்ணீர் போகிற வழிக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அவர் கடையில் கிடைக்கும். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் முழுவதும் அவர் ஏஜென்சி. அந்தப் பக்கம் அவருடைய சகலையின் ஏஜென்சி. அக்காவை இவரும் தங்கையை அவரும் கட்டி, ஒரே கம்பெனி சரக்கை எடுத்து, ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். சகலை புது வீடு கட்டினார். போய்ப் பார்த்த மாமனார் சாப்பாட்டுக்கு முன் கை கழுவப் போனார். அங்கே இருந்தது வேறு கம்பெனிக் குழாய். வழுவழுவென்று, திருகுவதற்குப் பதிலாகத் தூக்கினால் தண்ணீர் வருகிற மாதிரி.

கை கழுவாமலேயே திரும்பி வந்தவர், அன்றோடு அந்த உறவைக் கை கழுவினார்.

"ஊருக்கெல்லாம் நம்ம குழாயை வித்துட்டு, தன் வீட்டுல இன்னொருத்தன் குழாய். அப்படிப்பட்டவன் வீட்டுத் தண்ணி எனக்கு வேண்டாம். இந்த வீட்டுலேர்ந்து அங்க யாரும் போகவும் கூடாது, பேசவும் கூடாது" என்றார். அன்றிலிருந்து மாமியார் தங்கை வீடு இருக்கும் திசையில் துணி காயப்போடுவது மட்டும் அதிகமானது.

இப்படி இருக்கையில்தான் தலைமை அலுவலகம் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இனி காலையில் பத்து மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் அவர்களுடைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஏஜென்ட்டின் கம்ப்யூட்டரையும் போனில் கூப்பிடும். இந்தப் பக்கம் மோடம் என்ற சின்னப் பெட்டி மணி அடித்ததும் தானாக எடுக்க வேண்டும். இரண்டு கம்ப்யூட்டர்களும் தங்களுக்குள் சத்தம் போட்டுக் கையிருப்புக் கணக்கைப் பேசி முடித்துக்கொள்ளும். மனிதர் யாரும் குறுக்கே வர வேண்டியதில்லை. எடுக்காத ஏஜென்சி பக்கத்து ஏஜென்சியோடு சேர்க்கப்படும்.

பக்கத்து ஏஜென்சி என்றால் சகலை. சகலையின் பெட்டி முதல் நாளே எடுத்துவிட்டது என்று செய்தியும் வந்துவிட்டது.

"அவன்கிட்ட போய் நான் கை கட்டி நிக்கணுமா? எல்போ வேணும்னா அவனைக் கேக்கணுமா?" என்று மாமனார் கேட்டபோது, "எனக்கு விடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தியவர் மாப்பிள்ளை. வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளைக்கு நெஞ்சை நிமிர்த்த அடிக்கடி சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை.

கடை போனில் பேச்சு ஓயாது என்பதால் வீட்டு லைனில் மோடத்தை மாட்டினார். முன்னறையில் ஜன்னலோரம் கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் மோடம், அதன் பக்கத்தில் போன். அதே லைனில் இன்னொரு போன் சமையலறைச் சுவரில் தொங்கியது. அடுப்பை விட்டு நகராமல் மாமியார் பேசட்டும் என்று எப்போதோ மாட்டியது. அதன் வயர் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. எல்லாம் முடிந்ததும் மாப்பிள்ளை சமையலறை வாசலில் நின்று மாமியாருக்கு விளக்கம் சொன்னார். மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மேல்தோல் ஒருபுறம், உரித்தது ஒருபுறம்.

"அத்தை, இனிமே போன் வந்தா அந்தப் பெட்டியே எடுத்துக்கும். நீங்க கஷ்டப்பட வேண்டாம்."

"எல்லா போனையுமா?"

மோடத்தோடு வந்த புத்தகத்தில் 'இரண்டு ரிங்' என்பது இங்கிலீஷில் இருந்தது. மாப்பிள்ளை மாமியாரிடம் இங்கிலீஷ் வார்த்தை பேசுவதில்லை. அவருக்குப் புரியாது என்று யாரும் சொன்னதில்லை; மரியாதை என்று இவராக நினைத்துக்கொண்டது.

"ரெண்டு மணிக்கு எடுக்கும், அத்தை. அப்படித்தான் வெச்சிருக்கேன்."

"ரெண்டு மணிக்கா?"

"ஆமா. ரெண்டு மணிக்கு அப்புறம் அதுவே எடுத்துக்கும்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எடுக்காது."

"சரி. நல்லதாப் போச்சு. அந்நேரம்தான் எனக்கும் கண்ணை அசத்தும்" என்றார் மாமியார்.

மாப்பிள்ளைக்கு அந்தக் கடைசி வாக்கியம் விளங்கவில்லை. மாமியார் சொல்வதில் பாதி விளங்காமல்தான் அந்த வீட்டில் அவர் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போனார்.

மறுநாள் தலைமை அலுவலகத்துப் பெண் கடைக்கு போன் செய்தாள். "சார், உங்க மோடம் எடுக்கலையே."

"எடுக்குமே! நான் செட் பண்ணிட்டேனே."

"லைன் கிடைக்குது சார். ஆனா மோடம் பேசல. எங்க மெஷின் மூணு தரம் கூப்பிட்டுப் பாத்துட்டு விட்டுடுச்சு."

மாப்பிள்ளை மத்தியானச் சாப்பாடு முடிந்து கடைக்குத் திரும்பி, கடை போனிலிருந்து வீட்டுக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு ரிங். இரண்டு ரிங். அப்புறம் காதைக் கிழிக்கிற கிறீச்சொலி. மோடம் எடுத்துவிட்டது! அவருக்குப் போன உயிர் வந்தது. அடுத்த நாள் காலை மறுபடியும் அதே பெண், அதே புகார்.

காலையில் எடுப்பதில்லை, மத்தியானம் எடுக்கிறது. இந்த வியாதிக்குப் புத்தகத்தில் மருந்து இல்லை. மாப்பிள்ளை வயரை மாற்றினார். பிளக்கைத் துடைத்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார், போட்டு அணைத்தார். ஜன்னல் வழியாகக் காலை வெயில் மோடத்தின் மேல் விழுகிறதே என்று ஜன்னலுக்குத் துணி கட்டினார். மனைவி பள்ளிக்கூட டீச்சர். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். வந்தவள் இருட்டறையைப் பார்த்துவிட்டு, "என்னங்க, உள்ள போட்டோ கழுவறீங்களா?" என்றாள்.

காலையில் வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பார்த்திருந்தால் விஷயம் அப்போதே உடைந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் லைன் காலியாக இருக்க வேண்டும், யாரும் அந்த நம்பரைக் கூப்பிடக்கூடாது என்று தலைமை அலுவலகத்துப் பெண் கறாராகச் சொல்லியிருந்தாள். கறாரான உத்தரவுகளுக்கு மாப்பிள்ளை கட்டுப்பட்டவர். காலையில் லாரி வந்து பைப் இறங்குகிற நேரம் வேறு. கடையை விட்டு வீட்டுக்கு ஓடி வரவும் முடியாது.

மாமனாருக்கு மோடம் தெரியாது. குழாய் தெரியும். லைன் என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்.

"காத்து அடைச்சிருக்கு" என்றார்.

"மாமா, இது போன் லைன்."

"எந்த லைனா இருந்தா என்ன? ராத்திரி பூரா சும்மா கிடக்குது. காலையில காத்து நிக்கும். வெயில் ஏறி சூடானா காத்து வெளியே போயிடும், மத்தியானம் சரியா வரும். நான் எத்தனை வீட்டுல பாத்திருக்கேன்! மேல ஒரு இடத்துல தெறந்து விட்டா போதும்."

"மேலன்னா எங்க மாமா? போஸ்ட் கம்பத்துலயா?"

"அது உங்க டிபார்ட்மெண்ட்" என்று மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் மோடம் விற்ற கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தார்கள். டை கட்டிய மனிதர். அவருக்கும் காலையில் நேரமில்லை, மத்தியானம் வந்தார். மாமியார் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். வந்தவர் பெட்டியைத் திறந்து உள்ளே ஊதினார். டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மோடத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "யாராவது வெளியேருந்து கூப்பிட்டா நல்லா இருக்கும்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. ஒரு ரிங். இரண்டு ரிங். மோடம் எடுத்துக் கிறீச்சிட்டது. எதிர்ப்பக்கம் படக்கென்று வைத்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா? எடுக்குது!" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"யாரு அது?" என்றார் மாப்பிள்ளை.

"யாரா இருந்தா என்ன சார்? எடுக்குதா இல்லையா?"

"மத்தியானத்துல எடுக்குது. எனக்கும் தெரியும். தினம் இந்நேரத்துக்கு ஒரு கால் வரும்போல, சாப்பிட்டுட்டு கிளம்பறப்போ நானே ரெண்டு நாள் பாத்தேன். எடுக்கும், கத்தும், அந்தப் பக்கம் வெச்சுடுவாங்க. காலையில ஏன் எடுக்க மாட்டேங்குது?"

கம்ப்யூட்டர்காரர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "உங்க வீட்டு எர்த் சரியில்ல சார்" என்றார். எதுவும் புரியாதபோது அந்தத் தொழிலில் சொல்வது அதுதான் என்று பிற்பாடு மாப்பிள்ளைக்குத் தெரியவந்தது. அப்போது தெரியாது. சாயங்காலம் கொல்லைப்புறத்தில் பள்ளம் தோண்டி, உப்பும் கரியும் கொட்டிக் கம்பி புதைத்தார். மாமனார் மேற்பார்வை பார்த்தார். "இன்னும் ஆழமா. பைப் புதைக்கறவங்க இவ்வளவு மேலேயே நிறுத்த மாட்டாங்க" என்றார்.

அடுத்த காலையிலும் மோடம் எடுக்கவில்லை.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மாப்பிள்ளை கடைசியாக ஒரு ஆளை விசாரித்தார். காலை நேரத்தில் வீட்டில் இருப்பவர் அவர் ஒருவர்தானே.

"அத்தை, காலையில அந்தப் பெட்டி போனை எடுத்துச்சா?"

"காலையில எப்படி எடுக்கும்? ரெண்டு மணிக்கு அப்புறம்தான் எடுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா, ரெண்டு மணிக்கு அப்புறம்தான். ஆனா அப்புறமாவது எடுக்கணுமே?"

"அப்புறம் எடுக்குதே. நல்லா எடுக்குது. கத்தற கத்துல எனக்குத் தூக்கமே போயிடுது." கரண்டியில் இன்னொரு தடவை கீரையை அள்ளி வைத்தார். "சாப்பிடுங்க மாப்பிள்ளை. மூஞ்சி சுருங்கிப் போச்சு உங்களுக்கு."

இரண்டு பேருமே உண்மையைத்தான் சொன்னார்கள். இரண்டு பேருக்குமே சந்தேகம் தீர்ந்தது. மாப்பிள்ளை கீரையைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் போனில் சொன்னாள்: "சார், நாளைக்குத்தான் கடைசி. நாளைக்கும் எடுக்கலன்னா திங்கட்கிழமையிலேர்ந்து உங்க ஏரியாவை அந்தப் பக்கத்தோட சேர்த்துடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல சார்."

மாமனார் அன்று சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டார்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. மனைவி வீட்டில் இருந்தாள். மாமனார், தம் கடையின் சரித்திரத்தில் முதல்முறையாக, சாவியை வேலையாள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை மோடத்தின் முன்னால், பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி. மனைவி இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். டீ ஆறி ஏடு படிந்தது. தெருவில் காய்காரர் கூவிக்கொண்டு போனார். மாமியார் சமையலறையில் உருளைக்கிழங்கு நறுக்குகிற சத்தம் கேட்டது.

"வரும்போது பாருங்க மாமா, இந்த விளக்கு மினுக்கும். ரெண்டாவது ரிங்குல இது எடுக்கணும்" என்றார் மாப்பிள்ளை.

போன் அடித்தது.

விளக்கு மினுக்கியது. மாமனார் பாதி எழுந்தார். முதல் ரிங்கே முடியவில்லை, சட்டென்று நின்றது. அறை அமைதியானது.

"பாதியில நின்னுடுச்சு! நான் சொல்லல? காத்து!" என்றார் மாமனார்.

லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, மாப்பிள்ளை பக்கத்திலிருந்த ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். தூரத்தில் 'பீப்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் 'பீப்'. அதற்கு நடுவே, மிக அருகில், தாழ்ந்த குரலில் மாமியார்.

"அழாதடி. இன்னிக்கு எல்லாரும் வீட்டுல இருக்காங்க, நான் சத்தமா பேச முடியாது. நீ விக்கு, பரவால்ல. நான் சொல்றேன், நீ கேட்டுக்கோ."

'பீப்.'

மாப்பிள்ளை ரிசீவரை எடுத்த கையோடு உறைந்தார். மாமனார் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ரிசீவரைப் பிடுங்கித் தம் காதில் வைத்தார். மாப்பிள்ளையும் தலையைச் சாய்த்துக்கொண்டார். இருவர் காதுக்கும் ஒரே ரிசீவர்.

"இவருக்கு உங்க மேல கோவமே இல்லடி. குழாயை நெனைக்கறப்ப மட்டும்தான் கோவம். ஆனா இவர் எந்நேரமும் குழாயைத்தான் நெனைக்கறார், நான் என்ன பண்ணட்டும்?"

'பீப்.'

"அதான். நீயே சொல்லு. உன் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஒரு குழாய் போட்டுட்டார், அதுக்காக அக்கா தங்கச்சி மூஞ்சியில முழிக்கக் கூடாதா? எங்க மாப்பிள்ளை ஒருத்தர், பாவம், தங்கமான புள்ள. ஏதோ பெட்டி வாங்கி வெச்சார், அது வேலை செய்ய மாட்டேங்குது. எவன் கண்ணு பட்டுச்சோ. பள்ளம்லாம் தோண்டினார்டி..."

'பீப். பீப்.' பிறகு ஒரு 'கடக்'. எதிர்ப்பக்கம் வைத்துவிட்டது.

"வெச்சுட்டியா? சரி. திங்கக்கிழமை பேசு" என்றார் மாமியார், யாருமற்ற லைனில்.

மாமனார் ரிசீவரை வைத்தார். பிறகு மூன்று பேரும் சமையலறைக்கு நடந்தார்கள். மாமியார் உருளைக்கிழங்குத் தோலை முறத்தில் கூட்டிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கியதாகச் சொல்ல வழியில்லை. அன்று வெங்காயம் இல்லை.

"யாருகிட்ட பேசிக்கிட்டிருந்தே?" என்றார் மாமனார்.

மாமியார் ஒளிக்கவில்லை. "தங்கச்சிகிட்ட. தினம் காலையில மூணு தரம் அவதான் கூப்பிடறா. வேற யாரும் இந்நேரத்துக்கு இந்த நம்பருக்கு போட மாட்டாங்க, மாப்பிள்ளை சொல்லியிருக்கார். வேணும்னா திட்டிக்குங்க."

"அவ என்ன பேசினா?"

"அவ எங்க பேசினா? சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு அழுகை வந்தா விக்கல் வந்துடும். பேச்சே வராது. தினமும் விக்கி விக்கி அழறா, வெச்சுடறா. அழுது முடிக்கட்டும்னு நான்தான் பேசிக்கிட்டே இருப்பேன்."

"அத்தை... அது சின்ன அத்தை இல்ல. அது ஹெட் ஆபீஸ்."

"ஹெட் ஆபீஸ் எதுக்கு அழுவுது?"

"அழல அத்தை. அவங்க கம்ப்யூட்டர். கூப்பிடறப்போ அப்படித்தான் பீப் பீப்னு குரல் கொடுக்கும், நான்தான் பேசறேன்னு."

மாமியார் சுவரில் தொங்கிய போனைத் திரும்பிப் பார்த்தார். அது ஏதோ துரோகம் செய்துவிட்ட மாதிரி.

"நீங்க ஏன் அத்தை எடுத்தீங்க? ரெண்டு மணிக்கு அதுவே எடுக்கும்னு நான்தான் அவ்வளவு சொன்னேனே!"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் மாமியார், முதல்முறையாகக் குரலை உயர்த்தி. "ரெண்டு மணிக்கு அது எடுக்கும். இப்ப பதினொண்ணு கூட ஆகலையே!"

சமையலறைக் கடிகாரத்தை எல்லோரும் பார்த்தார்கள். மாப்பிள்ளை மட்டும் தரையைப் பார்த்தார்.

முதலில் மனைவிக்குத்தான் விளங்கியது. சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. "என்னங்க... ரெண்டு மணின்னு... எந்த மணியைச் சொன்னீங்க?"

"போன் மணி" என்றார் மாப்பிள்ளை மெதுவாக. "ரெண்டு ரிங்."

"ரிங்கா?" என்றார் மாமியார். "ரிங்குன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"உங்களுக்குப் புரியணுமேன்னு..."

"இந்த வீட்டுக்கு போன் வந்த நாள்லேர்ந்து நான்தான் எடுக்கறேன். ரிங்கு எனக்குப் புரியாதா? மணின்னா எனக்கு மணிதான்."

மாமனார் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நின்றார். அவருடைய ஏஜென்சி ஒரு வார்த்தையில் போகவிருந்தது. ஆனால் அவர் காதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. எந்நேரமும் குழாயைத்தான் நினைக்கிறார் என்று தலைமை அலுவலகத்துக்கே சொல்லியாகிவிட்டது.

"மாப்பிள்ளை, அது மறுபடி கூப்பிடுமா?" என்றார் கடைசியில்.

"மூணு தரம் கூப்பிடும் மாமா. இது ஒண்ணு."

"அப்ப எல்லாரும் வெளியே வாங்க. நீயும் வா. இந்தப் போன் பக்கத்துல ஒருத்தரும் நிக்கக்கூடாது."

முன்னறையில் நால்வரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாமியார் கைகளை மடியில் கோத்து வைத்திருந்தார். மனைவி அந்தக் கைகளின் மேல் தன் கையை வைத்திருந்தாள். ஆறுதலுக்கா காவலுக்கா என்று சொல்ல முடியாது. மாமனார் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். காய்காரர் திரும்பி வந்த வழியே கூவிக்கொண்டு போனார்.

போன் அடித்தது. மாமியாரின் உடம்பு தானாக எழுந்தது. எத்தனை வருஷப் பழக்கம்! மகள் பிடித்து அமர்த்தினாள். முதல் ரிங் முழுசாக அடித்து ஓய்ந்தது. இடையில் இருந்த அமைதியில் மாமியார் மெல்ல, "ஒருவேளை அவளா இருந்தா?" என்றார்.

இரண்டாவது ரிங். மோடம் எடுத்தது.

கிறீச்சென்று ஆரம்பித்து, கரகரவென்று இரைந்து, கப்பிச் சாலையில் இரும்புத் தகடு இழுக்கிற மாதிரி ஓடி, பிறகு அடங்கியது. விளக்குகள் எல்லாம் ஒன்றாக மினுக்கின. கம்ப்யூட்டர் திரையில் வரிகள் ஓடத் தொடங்கின.

"பேசுதா?" என்றார் மாமனார், மூச்சு விடாமல்.

"பேசுது மாமா."

"என்ன பேசிக்குது?"

"முக்கால் இஞ்ச் எல்போ எவ்வளவு இருக்குன்னு கேக்குது. நம்மது சொல்லுது."

"சரியா சொல்லுதா? பழசு ஒரு மூட்டை தனியா இருக்கு, அதையும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க."

வரிகள் நின்றன. எல்லாம் வந்து சேர்ந்தது என்று திரை சொன்னது. மாமனார் எழுந்து வந்து மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். "வாங்க மாப்பிள்ளை" என்றார். எங்கே வரச் சொல்கிறார் என்பதில்லை. அந்த வார்த்தை திரும்பி வந்ததே போதும்.

கடைக்குப் போய்விட்டுச் சாப்பாட்டுக்கு வந்தபோது மாமனார் செய்தியும் கொண்டுவந்தார். தலைமை அலுவலகத்துப் பெண் கடைக்குக் கூப்பிட்டாளாம். கணக்கு சுத்தமாக வந்திருக்கிறதாம். ஏஜென்சி அப்படியே இருக்கும். சகலையிடம் கை கட்ட வேண்டியதில்லை.

ஆனாலும் சாப்பாடு கலகலப்பாக இல்லை. மாமியார் பரிமாறினார். உருளைக்கிழங்கு தீய்ந்திருந்ததை யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகு, சட்டியைக் கையில் பிடித்தபடி, "அப்ப அவ ஒரு நாள்கூடக் கூப்பிடலையா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. "அத்தனை விஷயத்தையும் நான் ஒரு பெட்டிகிட்டயா சொன்னேன்?"

மாமனார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து முடித்த சோற்றை மேலும் பிசைந்தார்.

மாப்பிள்ளை வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினார். "அத்தை, சின்ன அத்தை வீட்டுல மத்தியானம் யாரு இருப்பாங்க?"

"முழிச்சிருக்கறது அவ மட்டும்தான். அவர் சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போடுவார். ஏன்?"

"ரெண்டு மணிக்கு அப்புறம் வர்ற போனை நீங்க எடுக்கறதே இல்லையா?"

"நீங்கதானே வேண்டாம்னீங்க. அந்தப் பெட்டி எடுத்துக்குமே."

மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு ஆகியிருந்தது. மனைவியும் பார்த்தாள். மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமனார் பிசைவதை நிறுத்தினார். தினம் அந்நேரத்துக்கு ஒரு கால் வரும் என்பதும், மோடம் எடுத்துக் கத்தும் என்பதும், எதிர்ப்பக்கம் படக்கென்று வைத்துவிடும் என்பதும் மாப்பிள்ளை வாயாலேயே அந்த வீட்டில் பலமுறை சொல்லப்பட்ட சமாச்சாரம்.

யாரும் கை கழுவ எழவில்லை. காய்ந்துபோன கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

போன் அடித்தது.

எல்லோருக்கும் முன்னால் எழுந்தவர் மாமனார். அந்த வயதில் அப்படி ஓடி அவரை யாரும் பார்த்ததில்லை. சோற்றுக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மோடத்தின் வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். பிளக் தெறித்து ஜன்னல் கம்பியில் பட்டது.

"எடுடி!" என்று கத்தினார்.

மாமியார் சமையலறைப் போனை எடுத்தார். "ஹலோ" என்ற சொல் பாதிதான் வந்தது.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு தங்கையின் குரல், அடுத்த அறைவரை கேட்கிற மாதிரி. "அக்காவா? அப்பாடா, மனுஷக் குரல்! தினம் கூப்பிடறேன்க்கா, எடுத்ததும் ஒரு கத்து! மாமாதான் கத்தறார், இன்னும் கோவம் தணியலபோலன்னு பயந்து வெச்சுடுவேன். ஆனாலும் அப்படியா கத்துவார், மூச்சே விடாம?"

மாமியார் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். மறுமுனையில் விக்கல் தொடங்கிவிட்டது. இந்த முறை நிஜ விக்கல். இரண்டு பேராலும் பேச முடியவில்லை. பேச்சு இல்லாமலேயே லைன் நெடுநேரம் ஓடியது.

முன்னறையில் மாமனார் வயரைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து, "என் மேலதான் தப்பு மாமா" என்றார்.

"உங்க மேல என்ன தப்பு. மூச்சே விடாம கத்தறேனாமே" என்றார் அவர், காயம் பட்ட குரலில். பிறகு சமையலறைப் பக்கம் தலையை நீட்டினார். "ஏய்... அந்தத் தூக்குற குழாய் எப்படி இருக்குன்னு கேளு."

மாமியார் கேட்டார். காத்திருந்தார். "ஒழுகுதாம்" என்றார்.

மாமனாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. ஏஜென்சி தப்பித்த செய்தியில்கூட அப்படிப் பரவியதில்லை. "ஒழுகும். எனக்குத் தெரியும். உள்ள வாஷர் உக்காந்திருக்கும். அதை ராத்திரி பூரா சொட்டு சொட்டுனு விட்டு வெச்சிருக்கானா அவன்? கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" கொல்லைப்புறத்தைப் பார்த்துத் திரும்பினார். "மாப்பிள்ளை, ஸ்பானர் பை எங்க இருக்கு? நாளைக்குக் கடை லீவுதானே. ரெண்டு மணிக்கு வர்றேன்னு சொல்லச் சொல்லுங்க."

மாமியார் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். முகத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை.

"எந்த மணின்னு தெளிவா சொல்லுங்க" என்றார். "கடிகார மணியா, போன் மணியா?"